இலையின் நிறங்கண்டு பசளையிடுதல்

நெல்வயலின் வரம்பிலே நின்று பயிரை நோக்கியவுடன், “பயிர் வெளுத்துவிட்டது, பசளை கேட்கிறது” என்று கூறுதல் கமக்காரரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். வலப்பனை, ஹங்குராங்கெத்த, கொத்மலை ஆகிய பகுதிகளில் நெல் விளைவிப்போரும், நுவரெலியாவில் உருளைக்கிழங்கும் கோவாவும் லீக்ஸும் பயிரிடுவோரும், ஹற்றன் பகுதியில் லயங்களை அடுத்த சிறு நிலங்களில் மரக்கறி செய்வோரும் இவ்வாறே நிறத்தைக் கொண்டு பயிரின் நிலையை அறிகின்றனர். இவ்வழக்கம் பிழையானதன்று. ஆயினும் கண்ணின் மதிப்பீடு நாளுக்கு நாள் மாறுபடும். முதல்நாள் மழை பெய்து ஓய்ந்த மந்தாரத்தில் கரும்பச்சையாகத் தோன்றும் பயிர், மறுநாள் நண்பகல் வெயிலில் வெளிறித் தோன்றும். அயலவரின் வயல் கடும்பச்சையாக இருப்பின் தமது வயல் வெளுத்ததாகவே படும்.

முற்காலத்தில் இத்தவற்றினால் நேர்ந்த நட்டம் பெரிதாக உணரப்படவில்லை. 2005ஆம் ஆண்டின் பெரும்போகம் முதல் பல ஆண்டுகள் நெற்செய்கைக்குரிய பசளை, 50 கிலோகிராம் மூடை ஒன்று 350 ரூபா என்னும் மானிய விலையில் வழங்கப்பட்டது. ஐயத்தின் பேரில் இன்னும் ஒரு பிடி யூரியா வீசுவதை எவரும் பொருட்படுத்தவில்லை. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. தடை நீங்கியபின் பசளை கிடைத்தபோதிலும் பழைய விலை திரும்பவில்லை. ஆகவே, பயிர் உண்மையாகவே பசளை கேட்கின்றதா, கேட்பின் எதனைக் கேட்கின்றது என்பதைத் திட்டமாக அறிதல் இப்பொழுது குடும்பத்தின் வரவு செலவைப் பற்றிய விடயமாகிவிட்டது. இலையின் மேல் விழும் ஒளியில் எவ்வளவு திரும்பி வருகின்றது என்பதை அளவிடுதல் இதற்கு ஒரு வழியாகும். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் உள்ளன. ஒரு சாண் நீளமுள்ள பிளாத்திக்கு அட்டையும் உண்டு.

நிறம் உண்டாகும் வகை

ஞாயிற்றின் ஒளியில் வானவில்லின் நிறங்கள் யாவும் கலந்துள்ளன. இவ்வொளி இலையின் மீது படும்பொழுது, இலையிலுள்ள பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்ளும். உணவு ஆக்குவதற்கு அதற்கு வேண்டியவை அவையே. பச்சை ஒளியை அது குறைவாகவே உறிஞ்சும். எஞ்சிய பச்சையொளி தெறித்து நமது கண்ணை அடைகின்றது. நன்கு வளர்ந்த இலை தன்மேல் விழும் சிவப்பொளியில் நூற்றுக்குப் பத்துப் பங்கிற்கும் குறைவாகவே திருப்பியனுப்பும். கண்ணுக்குப் புலப்படாத மற்றோர் ஒளியும் உண்டு. சிவப்பிற்கு அப்பாலுள்ளமையால் அதனைச் செந்நிறக்கீழ் ஒளி என்பர். இதனைப் பச்சையம் உறிஞ்சுவதில்லை. இலையின் உள்ளிருக்கும் பஞ்சு போன்ற இழையம் அதில் ஏறக்குறைய அரைவாசியைத் திருப்பியனுப்பிவிடும்.

பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் நடுவே மகனீசியம் ஒன்றும், அதனைச் சூழ நைதரசன் நான்கும் உள்ளன. இலையிலுள்ள நைதரசனிற் பெரும்பகுதி பச்சையத்தோடு சேர்ந்து வேலை செய்யும் புரதங்களிலே தங்கியிருக்கின்றது. எனவே நைதரசன் குறையுமிடத்துப் பச்சையமுங் குறையும். பச்சையம் குறைந்தால் முன்பு உறிஞ்சப்பட்ட சிவப்பொளியும் திரும்பி வரத் தொடங்கும். பச்சையொளியும் சிவப்பொளியும் கலந்து கண்ணை அடையும்போது மஞ்சளாகத் தோன்றும். இலை மஞ்சளாயிற்று என்று நாம் சொல்வதன் பொருள் இதுவே: உணவாக்கப் பயன்பட வேண்டிய சிவப்பொளியை இலை வீணே வெளியேற்றிக்கொண்டிருக்கின்றது.

நெல்லுக்குரிய இலை நிற அட்டை

யப்பானிய ஆய்வாளர் முதலில் வகுத்த நிற அட்டையை அடிப்படையாகக் கொண்டு, பிலிப்பைன்ஸ் நாட்டில் லொஸ் பாஞோசு என்னுமிடத்திலுள்ள சருவதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1990களில் ஆசிய நாடுகளின் சிறு கமக்காரருக்கேற்ற இலை நிற அட்டையை உருவாக்கிற்று. இளமஞ்சட் பச்சை தொடங்கிக் கரும்பச்சை ஈறாக வரிசையாக அமைந்த பட்டிகளை உடையது இது. முதலில் ஆறு பட்டிகளுடன் வந்தது; பின்னர் நான்கு பட்டிகளுடனும் வந்தது. பட்டிகளில் நெல்லிலையின் நரம்புகளைப் போன்ற கோடுகளும் பொறிக்கப்பட்டுள்ளன. வழுவழுப்பான பட்டியுடன் வரியுள்ள இலையை ஒப்பிட்டால் கண் ஏமாறும் என்பதே காரணம்.

நாற்று நட்ட வயலில் 14ஆம் நாளிலும், விதைத்த வயலில் 21ஆம் நாளிலும் முதலாவது அளவீட்டைத் தொடங்கலாம். அதன்பின் 7 முதல் 10 நாட்களுக்கொரு முறை, பூக்கத் தொடங்கும் வரை பார்த்துவருதல் வேண்டும். வயலின் பல இடங்களிலுமிருந்து நோயற்ற பத்துச் செடிகளைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் முற்றாக விரிந்த இலைகளுள் மிக இளையதைப் பார்க்க வேண்டும். குருத்தையோ அடியிலையையோ பார்த்தல் கூடாது. இலையைப் பறியாமல் அதன் நடுப்பகுதியைப் பட்டியின் மீது வைத்து, எப்பட்டியோடு பொருந்துகின்றதெனக் கண்டு எண்ணைக் குறித்துக்கொள்க. இரு பட்டிகளுக்கு இடைப்பட்டதாயின் இரண்டின் சராசரியைக் கொள்ளலாம்.

அளவிடும்பொழுது இலையும் அட்டையும் தமது உடலின் நிழலில் இருக்குமாறு நிற்றல் வேண்டும். நேர்வெயில் இலையின் மேற்றோலிற் பட்டுப் பளபளத்துத் தெறிக்கும். அவ்வொளி இலையின் உள்ளே புகுந்து வந்ததன்று. ஆகவே பச்சையத்தைப் பற்றி அது ஒன்றும் உரையாது. ஒரு போகம் முழுவதும் ஒருவரே அளவிடுதலும், நாளின் ஒரே நேரத்தில் அளவிடுதலும் நன்று. காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடைப்பட்ட நேரம் பொதுவாகக் கூறப்படுவதாகும். ஆனால் மலைநாட்டில் அந்நேரத்திற் பனிநீர் இலையில் நிற்பதுண்டு. ஈர இலை உள்ளதினும் கருமையாகத் தோன்றும். நீர் உலர்ந்தபின் ஒரு நேரத்தைத் தெரிந்து அதனையே கடைப்பிடித்தல் தக்கது. மலைச்சரிவின் நிழல் பிற்பகலில் விழும் வயல்களில் இது மேலும் முக்கியமாகும்.

பத்து இலைகளில் ஆறோ அதற்கு மேற்பட்டவையோ குறித்த எல்லை எண்ணிற்குக் குறைவாக இருந்தால் நைதரசன் இடவேண்டும். இல்லையாயின் அம்முறை இடாமல் அடுத்த அளவீடு வரை காத்திருக்கலாம். எல்லை எண் இனத்துக்கு இனம் வேறுபடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இயல்பாகவே வெளிர்பச்சையான வெள்ளைப் பொன்னி இனத்துக்கு 3 என்றும், ஏனைய இனங்களுக்கு 4 என்றும் வகுத்துள்ளது. நெருக்கமாக விதைத்த வயலுக்கு நட்ட வயலினும் குறைந்த எண்ணைக் கொள்வதுமுண்டு. அப்பல்கலைக்கழகம் ஒரு முறைக்கு எக்டேயருக்கு மழைக்காலத்தில் 30 கிலோகிராம் நைதரசன் இடுமாறு கூறுகின்றது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் இருப்பதால், இது ஏக்கருக்கு ஏறக்குறைய 26 கிலோகிராம் யூரியாவாகும். இக்கணக்கு அளவின் தன்மையை விளக்குவதற்கே இங்குக் காட்டப்பட்டது. மலைநாட்டு வயல்களில் இடவேண்டிய அளவையும், தாம் விதைத்த இனத்துக்குரிய எல்லை எண்ணையும் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்தே செய்தல் வேண்டும்.

அட்டையைப் பயன்படுத்துவோர் பலரும், “எண் கூடக்கூட நல்லது” என்று எண்ணிவிடுகின்றனர். எல்லையைக் கடந்த கரும்பச்சை பயிருக்கு ஆகாது. நைதரசன் மிகுந்த பயிரில் எரிபந்த நோய் எளிதிற் பற்றும். கபிலநிறத் தத்தி பெருகும். தண்டு மெலிந்து நெல் சாயும். இடாமல் விட்ட யூரியா மூடையும் அட்டை தந்த ஆதாயமே என்பதை முதிய கமக்காரர் சிலர் ஏற்கத் தயங்குவது இயல்பு. ஒரு வயலை மாத்திரம் அட்டையின்படி செய்து, அடுத்த வயலை வழக்கம்போற் செய்து ஒரு போகம் பார்த்தபின் அவர்களே முடிவு செய்யலாம்.

மஞ்சளுக்குக் காரணம் பல

தெறித்து வரும் ஒளி பச்சையம் குறைந்துவிட்டது என்பதை மட்டுமே அறிவிக்கும். ஏன் குறைந்தது என்பதை அது கூறாது. மலைநாட்டு மரக்கறிச் செய்கையில் மிகுதியான பசளை வீணாவது இவ்விடத்திலேயாம்.

ஒரு கமக்காரரின் உருளைக்கிழங்குப் பாத்தி மஞ்சளாகின்றது என்க. அவர் யூரியா இடுகின்றார், பத்து நாட்களின் பின்னும் மஞ்சள் மாறவில்லை, இன்னும் இடுகின்றார். கிட்டச் சென்று நோக்கியிருப்பின், அடியிலைகளில் நரம்புகள் பச்சையாகவே இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளாகி இருப்பதைக் கண்டிருப்பார். இது மகனீசியக் குறைவின் அடையாளம். புளிப்புத் தன்மை மிகுந்த நிலத்திலும், பொற்றாசியப் பசளை அளவுக்கு மிஞ்சி இடப்பட்ட நிலத்திலும் இது தோன்றும். தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தோருக்கு இது புதிதன்று. தேயிலையின் முற்றிய இலையில் தலைகீழான ‘ஃ’ போலன்றி, கூரை போன்ற வடிவில் நடுநரம்பை ஒட்டிப் பச்சை எஞ்சியிருக்க, ஓரங்கள் மஞ்சளாவதை அவர்கள் கண்டிருப்பர். அதற்காகவே தோட்டங்களிற் கவ்வாத்துக் காலத்தில் டொலமைற்று இடப்படுகின்றது. டொலமைற்றில் கல்சியமும் மகனீசியமும் இருப்பதால், மண்ணின் புளிப்பும் தணியும், மகனீசியமும் சேரும். நிற்கும் பயிருக்கு உடனுதவி வேண்டுமாயின், மகனீசியம் சல்பேற்றை ஒரு லீற்றர் நீருக்கு 10 முதல் 20 கிராம் வரை கரைத்துச் சில செடிகளுக்கு மட்டும் தெளித்துப் பார்க்கலாம். தெளித்த செடிகள் தெளிக்காதவற்றினும் தேறினால் காரணம் உறுதியாகும். அதன்பின் பாத்தி முழுவதற்கும் தெளிக்கலாம்.

ஆகவே நிறத்தோடு, அந்நிறம் செடியின் எவ்விடத்திலே தோன்றுகின்றது என்பதையும் பார்த்தல் வேண்டும். நைதரசன், பொற்றாசியம், மகனீசியம் ஆகியன செடிக்குள் இடம்பெயர வல்லவை. குறைவு ஏற்பட்டால் செடி தன் அடியிலைகளிலிருந்து அவற்றை எடுத்துக் குருத்துக்கு அனுப்பும். ஆதலால் அடியிலையே முதலில் வாடும். நைதரசன் குறைந்தால் அடியிலை முழுவதும் ஒருசீராக வெளிறும். பொற்றாசியம் குறைந்தால் அடியிலையின் ஓரம் கருகும். மகனீசியத்தை மேலே கூறினோம். இரும்பும் கந்தகமும் எளிதில் இடம்பெயரா. இவை குறைந்தால் குருத்திலையே முதலில் மஞ்சளாகும். இரும்புக் குறைவில் நரம்பு பச்சையாக நிற்கும், கந்தகக் குறைவில் இலை முழுவதும் வெளிறும்.

பொசுபரசு குறைந்த நெற்பயிர் அட்டையை ஏமாற்றிவிடும். அப்பயிர் குட்டையாகி, மட்டங்கள் வெடிக்காமல் நிற்கும். இலைகளோ மங்கிய கரும்பச்சையாக இருக்கும். அட்டையை வைத்துப் பார்த்தால் “குறையில்லை” என்றே விடை வரும். மறுபுறம், நுவரெலியாவில் ஆண்டுதோறும் மரக்கறி செய்யப்படும் நிலங்களிற் பலவற்றில் பொசுபரசு தேவைக்கு மேலாகவே சேர்ந்துள்ளது. மண்ணிற் சேர்ந்த இம்மிகுதியை எவ்விலையும் காட்டிக்கொடாது. இதனை மண் பரிசோதனையால் மட்டுமே அறியலாம்; பரிசோதித்துப் பொசுபரசுப் பசளையைக் குறைத்துக்கொள்ளும் கமக்காரருக்கு ஒரு போகத்திலேயே மிச்சம் தெரியும்.

கோவாவின் உள்ளடுக்கு இலைகள் கல்சியக் குறைவினாற் கருகும்பொழுது வெளியிலைகள் பச்சையாகவே இருக்கும். சந்தையில் வெட்டிப் பார்க்கும்போதே குறை வெளிப்படும். இன்னும், கோவா பகலில் வாடி மஞ்சளாவதைக் கண்டு பசளை இடுமுன் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தல் வேண்டும். வேர்கள் கழலைபோற் பருத்திருந்தால் அது மண்ணிலுள்ள நோய், பசளையால் தீராது. வடிகால் குறைந்த பள்ளத்தாக்கு வயல்களில் நெல்லின் அடியிலைகளிற் செங்கபிலப் புள்ளிகள் பரவினால் இரும்பு மிகுதியால் உண்டான நஞ்சாக இருக்கலாம். அங்கு நீரை வடித்து மண்ணைக் காற்றாட விடுதலே முதற்கருமம்.

இத்தகைய மயக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மேனாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் ஒளியளக்கும் கருவிகள் மிகுதியாகப் பயன்படுகின்றன. அங்கும் கருந்திராட்சை இனங்களில் பொற்றாசியக் குறைவால் சிவந்த இலையையும், இலைச்சுருள் வைரசு நோயாற் சிவந்த இலையையும் நிறத்தைக் கொண்டு பிரித்தறிதல் எளிதன்று. ஆதலின் இலைக்காம்புகளைச் சேகரித்து ஆய்வுகூடத்திற் பகுத்துப் பார்க்கின்றனர்.

ஒப்பீட்டுப் பாத்தி

நெல்லுக்கு வகுத்த அட்டையைக் கோவாவிலோ லீக்ஸிலோ வைத்துப் பார்த்தல் பயனற்றது. அவற்றின் இலைமேல் படிந்துள்ள வெண்மெழுகு, ஒளியை மேற்பரப்பிலேயே தெறிக்கச் செய்துவிடும். உருளைக்கிழங்கின் பச்சையும் நெல்லின் பச்சையும் வேறு. மரக்கறி செய்வோருக்கு இதனினும் எளிய ஒரு முறை உண்டு. 1990களில் அமெரிக்காவின் சோள வயல்களில் ஒளிக்கருவியோடு கையாளப்பட்ட இம்முறைக்குக் கருவி இல்லாமலே நம் பாத்திகளில் இடமுண்டு.

நடும்பொழுதே நிலத்தின் ஓரிடத்தில் இரண்டு வரிசைகளுக்கு மட்டும் நைதரசனை வழக்கத்தினும் சிறிது கூடுதலாக இட்டு, இரு முனையிலும் தடி நட்டுக் குறித்துக்கொள்க. ஏனைய பசளையும் நீரும் மருந்தும் யாவற்றுக்கும் ஒன்றே. இவ்வரிசைகள் நைதரசனுக்குக் குறைவில்லாத பயிர் எவ்வாறு தோன்றும் என்பதற்கு அளவுகோலாகும். வாரந்தோறும் ஏனைய வரிசைகளை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டுக்கும் வேறுபாடு தெரியாதவரை மேலதிக யூரியா தேவையில்லை. வேறுபாடு தெரியத் தொடங்கினால், மற்றப் பாத்திகளில் நைதரசன் குறைகின்றது என்பது தெளிவு. இரண்டும் ஒன்றாகவே மஞ்சளானால் காரணம் நைதரசனாக இருக்க முடியாது. வேர், வடிகால், புளிப்பு, மகனீசியம் என வேறிடத்திற் தேடவேண்டும். குளிர் மிகுந்த தைமாதத்தில் எல்லாப் பயிரும் சற்று வெளிறும்பொழுது இவ்வரிசைகளின் பயன் நன்கு விளங்கும். வெயிலோ முகிலோ இரண்டிற்கும் பொதுவாகையால் கண்ணின் மயக்கமும் பெரிதும் நீங்கும். குறித்த வரிசைகளை நிழல் விழும் ஓரத்திலோ, மழைநீர் பசளையை அடித்துக்கொண்டு வந்து தங்கும் அடிப்படியிலோ அமைத்தல் ஆகாது.

கருவிகளும் வானத்துப் படங்களும்

யப்பானின் மினோல்ற்றா நிறுவனம் ஆக்கிய கைக்கருவி ஒன்று, இலையைக் கவ்வி, 650 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பொளியையும் 940 நனோமீற்றர் அலைநீளமுள்ள செந்நிறக்கீழ் ஒளியையும் இலையினூடே செலுத்திப் பச்சையத்தை எண்ணாகக் காட்டும். இது ஆராய்ச்சி நிலையங்களுக்கு ஏற்றது. செய்மதிகள் பயிரிலிருந்து தெறிக்கும் இவ்விரு ஒளிகளையும் வானிலிருந்து அளக்கின்றன. செந்நிறக்கீழ் ஒளியிலிருந்து சிவப்பொளியைக் கழித்து, வரும் தொகையை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைக்கும் எண் பயிர் செழித்திருக்கும்போது உயரும், நலியும்போது தாழும். 2015ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய நாடுகள் ஏவிய செந்தினெல்-2 செய்மதிகளின் படங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அப்படத்தின் ஒரு புள்ளி 10 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமுமான நிலத்தைக் குறிக்கும். அரை ஏக்கர்ப் பாத்திக்கு இருபது புள்ளிகளே தேறும். அவற்றுள்ளும் ஓரப்புள்ளிகளில் அயலவரின் பயிர் கலந்துவிடும். முகில் மூடிய நாட்களில் ஒன்றும் தெரியாது. நுவரெலியாவில் அத்தகைய நாட்கள் குறைவல்ல.

கைத்தொலைபேசியில் இலையைப் படம்பிடித்து ஒப்பிடுவோர், அக்கருவி ஒளிக்கேற்பத் தானே நிறத்தை மாற்றிக்கொள்ளும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். இலையின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையோ நிற அட்டையையோ வைத்து, நிழலில் நின்று எடுத்த படமே ஒப்பிட உதவும்.

காரணம் தெளியாதவிடத்து, விவசாயப் போதனாசிரியரிடம் படத்தை மட்டும் காட்டாமல் செடியையே வேரோடு கொண்டுசெல்லுதல் நன்று. மஞ்சளான செடி ஒன்றும் அதே பாத்தியில் நலமாக நிற்கும் செடி ஒன்றும் வேண்டும். அடியிலைகளையும் குருத்திலைகளையும் வேறுவேறாகத் தாளிற் சுற்றி, இறுதியாக எப்பசளை எந்நாளில் எவ்வளவு இடப்பட்டது என்பதை எழுதி உடன் வைத்தல் வேண்டும். மண்ணைப் பாத்தியின் பல இடங்களிலிருந்தும் சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து, அரைக் கிலோகிராம் அளவில் தனிப்பையிற் கொண்டுசெல்லலாம். பசளையிட்டு அண்மையான நாட்களில் எடுத்த மண் பொய்யான விடையையே தரும். ஆதலால் அறுவடை முடிந்து, அடுத்த பயிருக்கு அடிக்கட்டுப் பசளை இடுவதற்கு முன்னரே மண்ணை எடுத்துவிடல் வேண்டும்.